பீச்சாங்கை அருவா

அறுபதுகளின் கடைசியில் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் விவசாய ஆசிரியராகச் சேர்ந்தேன். வந்த புதிதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. ஆளுக்கொரு பாத்தி, ஒரே ராகி, ஒரே மாதிரிப் பல் வைத்த கருக்கரிவாள். மணி அடிப்பதற்குள் எல்லாரும் கதிர் அறுத்து முடிக்க வேண்டும்.

பதினோராம் வகுப்பில் ஒரு பெண். பாடத்தில் கேள்வி கேட்டால் நான்தான் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். அறுப்பில் மட்டும் மற்றவர்கள் முடித்துக் கைகழுவும்போது அவள் பாதிப் பாத்தியில் நிற்பாள். செய்முறைத் தேர்வில் தவறினால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

"அருவா வழுக்குதுங்க சார்" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் என்னை உறுத்தியது.

சாயங்காலம் அவள் அரிவாளை எடுத்து நானே அறுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வெட்டியது. அவள் பிடிப்பதுபோல் இடது கைக்கு மாற்றினேன். வழுக்கியது! கருக்கின் பற்களை ஒரு முகத்தில்தான் வெட்டுகிறார்கள், வலது கைக்காரர்களுக்கு ஏற்ற முகத்தில். கூடம் நிஜமாகவே கோணல். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளே கொல்லுப்பட்டறைக்கு ஓடினேன்.

"எங்கப்பன் காலத்துல இருந்து அடிக்கிறோம். பீச்சாங்கைக்கு அருவா கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க" என்று பட்டறைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பற்களை மறுமுகத்தில் வெட்டிக் கொடுத்தார்.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முகம் சுளித்தார். "கதிர் லட்சுமியாச்சேம்மா. அதைப் போய் இடது கையாலயா அறுக்கறது?"

"அருவாதானுங்க பீச்சாங்கையில. கதிரை சோத்தாங்கையிலதானுங்க புடிச்சிருக்கேன்" என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல்.

தேர்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மணிக்கு முன்பே பாத்தி மொட்டை. நான் ஆசிரியர் என்பதை மறந்து விசிலடித்துவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் அவளுடைய அம்மா நின்றிருந்தார். மகளைப் பீச்சாங்கைக்காரி என்று ஊரறியச் செய்ததற்குச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன்.

"அந்த அருவா எங்கீங்க அடிச்சீங்க?"

"ஏங்க, அதுக்குள்ள உடைஞ்சிருச்சா?"

"இல்லீங்க சார். எனக்கு ஒண்ணு வேணும்" என்று இடது கையைப் பார்த்துக்கொண்டார். "வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அறுப்புக் காட்டுல எனக்குச் சோம்பேறின்னுதானுங்க பேரு."