ஓட்டிஸ் கழற்றிய ஷூ

ஹூஸ்டனில் எலெக்ட்ரிக் கிதாரில் ப்ளூஸ் வாசித்த முதல் சிலரில் ஓட்டிஸ் ரென்ஃப்ரோவும் ஒருவர். வாசித்தது அவர், ரெக்கார்டில் பெயர் போட்டுக்கொண்டது எவனெவனோ. வயிற்றுப்பாட்டுக்கு நாற்பது வருஷம் பஸ் ஓட்டினார். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயரை மட்டும் விடவில்லை. அதற்கு எர்த் கிடையாது. ஈரமேடையில் வெறுங்காலோடு, கிதாரும் கையுமாக மைக்கைப் பிடித்த கூட்டாளி பாட்டின் நடுவிலேயே ஷாக் அடித்து விறைத்துச் செத்ததைக் கண்ணால் பார்த்தவர் ஓட்டிஸ். அன்றிலிருந்து ரப்பர் ஷூ இல்லாமல் அவர் கிதாரைத் தொட்டதில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பக்கத்து வீட்டுக் கோபாலசாமி அவரை வாசிக்க அழைத்தார். கிதாருக்குச் சந்தனம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றினார்கள். தொண்ணூறு வயதில் அவர் வாசிப்புக்குக் கிடைத்த முதல் மரியாதை. ஓட்டிஸ் அந்தச் சரத்தை விரலால் மெல்லத் தடவினார்.

“ஏங்க, ஷூவக் கழட்டச் சொல்லுங்க. இப்பத்தான் மாப் பண்ணேன்,” என்று கணவரிடம் கிசுகிசுத்தாள் புஷ்பவல்லி. கோபாலசாமி சங்கடத்தோடு ஓட்டிஸின் காலைக் காட்டினார்.

பூப் போட்டவர்களிடம் எந்த முகத்தோடு மறுப்பது? ஓட்டிஸ் குனிந்து லேஸை அவிழ்த்தார். ஈரம் சாக்ஸில் சில்லென்று ஏறியது. ஸ்விட்சைப் போட்டதும் அவர் கொண்டுவந்திருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் உறுமியது. கம்பியைத் தொட்ட விரலில் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது.

“பாடுங்க அங்கிள், ப்ளீஸ்!” கோபாலசாமி வயர் வைத்த கரோக்கி மைக்கை நீட்டினார்.

ஒரு கை கம்பியிலேயே இருக்க, ஓட்டிஸ் மறு கையை நீட்டினார்.