காப்புக் கட்டிய கையும் காலாவதியான வைத்தியப் பதிவும்

“உங்கள் கால்நடை வைத்தியப் பதிவு இவ்வருடத்துக்குப் புதுப்பிக்கப்படவில்லை. ஜூலை 31க்கு முன் மூலப் பத்திரங்களுடன் விளக்கம் தரத் தவறின் உங்கள் பெயர் நீக்கப்படும். அதுவரை சிகிச்சை அளிக்கலாகாது.”

ஜூலை 9ஆம் திகதியிட்ட இந்தக் கடிதம் எங்கள் உடப்புக் கிராமத்தில் என் கைக்கு வந்தது 24ஆம் திகதி. அதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் அம்மன் கோயில் தீமிதிப்புக்காகக் காப்புக் கட்டியிருந்தேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறினால், தீ மிதித்து முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பதிவு அலுவலகமோ ஐந்து மணி நேர பஸ் பயணத்தில் இருந்தது.

பிழை என்னுடையது. பொங்கலுக்கு முதல் நாள் பதிவுத் தபாலுக்கு நீண்ட வரிசை. விண்ணப்பத்தைச் சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு, நாட்குறிப்பில் “அனுப்பினேன்” என்று எழுதினேன். பதில் வராததையும் கவனிக்கவில்லை. இருபது வருடமாகத் திகதி தவறாமல் எழுதுகிறவனிடம் பற்றுச்சீட்டு இல்லை.

மறுநாள் பாக்கியம் அக்கா வந்தார். கடற்கரைப் பக்கம் ஆடு வளர்ப்பவர். இரண்டு ஆடுகளுக்குக் கடும் கழிச்சல். கடிதத்தைக் காட்டி, ஊசி போட முடியாது என்றேன்.

“ஆடு உங்கட பத்திரத்தையா கேக்குது டொக்டர்?”

 அரச வைத்தியருக்கு அறிவித்தேன். மூன்றாம் நாள்தான் வரலாம் என்றார்.

பூசகரிடம் போனேன். “அவிட்டா நீ போகலாம் தம்பி. ஆருக்காகக் கட்டினனி எண்டு மட்டும் ஒருக்கா நினைச்சுப் பார்” என்றார். போன வருடம் என் மனைவி சரோஜாவுக்குப் பெரிய சத்திரசிகிச்சை. அவள் பிழைத்தால் தீ மிதிப்பதாக நேர்ந்திருந்தேன். கயிற்றை அவிழ்க்க மனம் வரவில்லை. தொழிலை விடவும் மனம் வரவில்லை. நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

29ஆம் திகதி சரோஜாவே சொன்னாள்: “நான் போறன். காப்பு உங்கட கையிலதானே, என்ர காலில இல்லையே.”

“மேசையில இருக்கிறவங்கள் சிங்களத்தில விரட்டுவாங்கள்.”

“விரட்டட்டும். சிலாபச் சந்தையில சிங்களத்தில பேரம் பேசி மீன் வித்தவளின்ர மகள் நான்.”

30ஆம் திகதி விடிய, என் அதிகாரக் கடிதம், மூலப் பத்திரங்கள், நாட்குறிப்பு எல்லாவற்றோடும் பஸ் ஏறினாள். நான் அம்மன் முன் நின்றேன். “தாயே, என் கவனயீனத்துக்கு நான்தான் பொறுப்பு. ஆனாலும் கைவிடாதே.”  அழுதேன்.

பதினொன்று நாற்பதுக்குச் சரோஜாவின் அழைப்பு வந்தது. முதலில், “நீங்களே எழுதினதை எப்படி நம்புறது?” என்று நாட்குறிப்பைத் தள்ளிவிட்டார்களாம். அவள் எழும்பப் போகையில், பக்கத்தில் நின்ற ஒரு பெண், ஜனவரியில் வந்த தபால் கட்டை ஒருக்கால் பாருங்கள் என்றாராம். வேறொருவரின் கோப்புக்குள் என் உறை இருந்தது. மேலே ஜனவரி மாத முத்திரை. பதிவு அன்றே புதுப்பிக்கப்பட்டது.

அன்று பின்னேரம் மருந்துப் பையோடு பாக்கியம் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அரச வைத்தியர் வருமுன்பே இரண்டு ஆடுகளும் செத்து, மூன்று நாளாகியிருந்தன. “உங்களுக்கு அம்மன் கண் திறந்தா. என்ர ஆட்டுக்குத் திறக்கேல்ல” என்றார். மருந்துப் பையைத் திறக்காமலே திரும்பினேன்.

ஓகஸ்ட் 8ஆம் திகதி தீ மிதித்தேன். அம்மன் என்னைக் காத்தாள். என் கவனயீனத்தின் விலையை இன்னொருவர் கொடுத்தார். இரண்டும் உண்மை. இப்போது மாதம் ஒரு தடவை கடற்கரை ஆட்டுப் பட்டிகளைப் போய்ப் பார்க்கிறேன். யாரும் கூப்பிடும்வரை காத்திருப்பதில்லை. அடியார்களே, வழியே இல்லை என்று தோன்றும் நாளிலும் அவளிடம் போங்கள். உங்கள் பிழையையும் மறைக்காமல் கொண்டுபோங்கள்.

ஜனவரிக் கட்டைப் பார்க்கச் சொன்ன பெண்ணின் பெயர் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன், பதிவுத் தபாலில். பதில் இல்லை. அவர் அங்கு வேலை செய்பவரா, எங்களைப் போல் ஏதோ அலுவலாக வந்தவரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.