மாமா வீட்டுப் பொன்பழம்

குச்சி நுனியில் செருகிய ஒரு விதை உறை. அதன்மேல், காகிதம் போன்ற கூட்டுக்குள் பொன்மஞ்சளாக ஒரு பழத்தின் படம். பாக்கார் ஆராங் குடியிருப்பில் மாமா வீட்டுப் பின்புறம் அது பல மாதம் நின்றது. கேமரன் மலைக்குச் சுற்றுலா போன மாமா வாங்கி வந்தது. அதை நடுவதற்காக அம்மாவின் கீரைப் பாத்தியை ஒரே காலையில் கொத்தி எறிந்தார். ரப்பர் தோட்டம் மூடியபின் நானும் அம்மாவும் அவர் வீட்டில்தான் ஒண்டியிருந்தோம். அங்கே அம்மாவுடையது என்று சொல்ல அந்த நான்கடிக் கீரை மட்டுமே இருந்தது.

மாமா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஆபீஸ் நிழலைவிட்டு இறங்காமலே மண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்த மேதாவி. விதையை மணலில் கலந்து தூவினார். பழைய தோட்டத்து மண்ணை மூட்டையில் வரவழைத்துக் கொட்டினார். இரண்டு வாரத்தில் இரண்டு விதமாக முளைத்தது.

"களைய புடுங்கிடு. முப்பது வருசம் புல்லு வெட்டுனவ, அதாவது தெரியும்லா?" என்றார் அம்மாவிடம்.

"சரிண்ணே."

அம்மா குந்தி உட்கார்ந்து, இலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துப் பிடுங்கினார். சாக்கடையோரம் கிடந்த குவியலை நான்தான் அள்ளிக் கொட்டினேன். "ஏம்மா, பூனைக்குட்டி மாதிரி மெத்துனு இருக்கு?" என்றேன். "களைதானே, கொண்டு கொட்டு" என்றார்.

மிஞ்சிய செடிகளுக்கு மாமா வலை கட்டினார், உரம் வைத்தார். காய்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொடக்குத் தக்காளி. பால்மரத்தடியில் தானாக முளைப்பது. நாங்கள் நெற்றியில் அடித்து வெடித்து விளையாடியது. மாமா அதைப் பீங்கான் தட்டில் வைத்துத் திக்காம் பத்துவிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாருக்கு நீட்டினார். "சாப்புடுங்க, இது வெள்ளைக்காரன் பழம். எஸ்டேட்டு நாக்குக்கு ருசி தெரியாது" என்றார். சம்பந்தியம்மாள் கைக்குட்டையில் துப்பியதை நான் பார்த்தேன். அந்த மனிதரின் மடமையை நினைத்தால் இன்றும் எனக்கு இரக்கம் வருவதில்லை.

ஆனால் அன்று அவரைவிட அம்மாவைத்தான் அதிகம் இகழ்ந்தேன். தெரிந்தும் அண்ணனிடம் வாய் திறக்காத கோழை என்று நினைத்தேன். "அண்ணனுக்குப் புடிச்சிருக்கு, விடு" என்று அவர் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா போய்ச் சேரும்வரை அந்த எண்ணம் என்னிடம் இருந்தது.

இப்போது செமிலிங்கில் எனக்குச் சொந்த வீடு. சென்ற மாதம் ஆசைக்கு அதே பழத்தின் விதையை வாங்கி நாற்றுத் தட்டில் போட்டேன். இன்று காலை நாற்றின் இலையைத் தொட்டேன். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது.

சொடக்குத் தக்காளி இலை வழவழப்பானது. முப்பது வருடம் புல் வெட்டிய கைக்கு அது தெரியாதா? அம்மா ஒன்றுவிடாமல் பிடுங்கியது மாமாவின் பொன்பழத்தை.

நாற்றுகளை ஓரமாக நட்டு, விதை உறையைக் குச்சியில் செருகினேன். பாத்தியின் நடுவில் கீரை விதைத்திருக்கிறேன்.