முதுகு நனையாத வாரம்

வெயிலைப் பற்றி ஹமீதுன்னிசாவுக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது. சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யாங்கோன் பபேடானில் பள்ளிவாசல் சந்து முனையில் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியுமாக இருபது வருஷத்துக்கு மேல் நின்றவளுக்குச் சூடு என்றால் என்னவென்று தெரியாமலா இருக்கும்? சமூசாவைப் பொரித்து, கத்தரியால் வெட்டி, கோஸும் புதினாவும் தூவி, கடலைக் குழம்பை ஊற்றி அத்தோவாகக் கொடுப்பாள். பர்மாக்காரர்களுக்கு அவள் டோ கின் ஏ. அடையாள அட்டையிலும் அந்தப் பெயர்தான். தமிழ் பேசுகிறவர்களுக்கு ஹமீதா லாத்தா.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. முதுகு நனைந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது என்றால், எதிரே எத்தனை பேர் தட்டோடு நின்றாலும் அடுப்பைத் தணித்துவிட்டு நிழலில் போய் உட்காருவாள். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பாள். சட்டை கொஞ்சம் உலர்ந்த பிறகுதான் எழுவாள். அவசரப்படுத்துகிறவனுக்கு நல்ல வசவு கிடைக்கும்.

இந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. அவள் புருஷன் பீர் முகைதீன் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். ஒரு ஏப்ரல் மாதம், தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும் போலிருந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து படுத்தார். படுத்தவர் எழவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். ஹமீதுன்னிசா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “வேர்த்து வேர்த்தே போயிட்டாரு மனுஷன்” என்பாள். அப்போது மகன் பர்கத்துல்லா பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அன்றிலிருந்து அவன் விளையாடிவிட்டு வந்தால் முதலில் அவன் முதுகைத் தடவிப் பார்ப்பாள். பிறகு அவனே கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் வந்தபோது அவனுக்கு மீசை அரும்பி நன்றாகக் கறுத்திருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவனை, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனை, அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். ஹமீதுன்னிசா அதற்குப் பிறகு ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கவில்லை. யார் யார் காலிலோ விழுந்து, எப்படியோ அவனை விமானம் ஏற்றிவிட்டாள். வளைகுடாவில், ஊரைத் தாண்டிப் பாலைவனத்தில் குழாய் பதிக்கும் வேலை. “எங்கேயாவது உசிரோட இருடா, அது போதும்” என்றாள். போன பிள்ளை அவ்வளவு சீக்கிரம் திரும்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வந்தால் வார்டு ஆபீசில் பட்டாளத்துக்குப் பெயர் எழுதிவிடுவார்கள்.

அவன் போனது குளிர்காலத்தில். “உம்மா, இங்க பல்லு அடிக்குது, இன்னொரு போர்வை வாங்கினேன்” என்று போனில் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. பாலைவனத்தில் குளிராமே! மார்ச்சில் காற்று நன்றாக இருந்தது, ஏப்ரலிலும் குறையொன்றுமில்லை. மே பிறந்ததும்தான் அங்கே சூடு ஏற ஆரம்பித்தது. ஹமீதுன்னிசாவின் போனில் ரெண்டு ஊரின் வெயில் தெரியும், ஒன்று யாங்கோன், இன்னொன்று அவன் இருக்கும் ஊர். காலையில் மாவு பிசையும்போதே பார்த்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறு என்று இருந்தது. மறுநாள் இன்னும் ரெண்டு கூடியது. அதற்கு மறுநாள் நாற்பதைத் தொட்டது. வாரக் கடைசி வரைக்கும் எல்லா நாளும் சிவப்புச் சூரியன்தான் போட்டிருந்தது.

அன்று அவனே கூப்பிட்டான்.

“உம்மா, தலை கனமா இருக்கு. ரெண்டு நாளா இப்படித்தான். டேவிட் சொல்றான், கேம்ப் டாக்டர்கிட்ட பேரு எழுதிக்கோன்னு.”

டேவிட் அவனோடு ஒரே அறையில் இருப்பவன். க்யிம்யிண்டைங் கிறிஸ்தவ வீட்டுப் பையன். அவனும் பட்டாளத்துக்குப் பயந்து வந்தவன்தான்.

“எழுதிக்கிட்டா என்ன பண்ணுவாங்க?”

“லீவு தருவாங்க. ஆனா போன மாசம் ரெண்டு பேரை உடம்பு சரிப்படாதுன்னு டிக்கெட் போட்டு ஊருக்கே அனுப்பிட்டாங்க.”

ஊருக்கு என்றால் எங்கே? நேரே பட்டாளத்துக்காரர்கள் கையில்தானே!

“வேர்க்குதாடா உனக்கு?”

“அதான் ஆச்சரியமா இருக்கு உம்மா. இவ்வளவு வெயில்லயும் சட்டை நனையவே இல்ல. வெள்ளையா உப்புக் கோடு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.”

“முதுகைத் தொட்டுப் பாரு.”

“பார்த்துட்டுத்தான் சொல்றேன். காஞ்சிருக்கு.”

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. “அப்ப வெயில் உன்னை ஒன்னும் பண்ணல. தூக்கம் பத்தல, அதான் தலை கனக்குது. டாக்டர் கீக்டர்னு போய் நிக்காதே. முதுகு நனைஞ்சா மட்டும் உட்காரு, தெரியுதா?”

“தெரியும் உம்மா” என்றான்.

யாங்கோனில் அந்த வாரம் மழைக்கு முந்தின புழுக்கம். மின்சாரம் முறை வைத்து வந்தது. வந்தாலும் மின்விசிறி அனல் காற்றைத்தான் வீசியது. காலை ஏழு மணிக்கே அவளுக்கு முதுகு நனைந்துவிடும். நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, என் பிள்ளையாவது வேர்க்காத ஊரில் இருக்கிறானே என்று அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள். பாவி, மனமார நன்றி சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஷாஹுல் அத்தோ சாப்பிட வந்தார். எதிர்ச் சாரியில் அத்தர் கடை வைத்திருப்பவர். இளவயதில் பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் ஹமீதுன்னிசா பெருமையாகவே சொன்னாள்.

“காக்கா, எங்க பர்கத்து இருக்கிற ஊர்ல நாப்பத்திரெண்டாம். ஆனா ஒரு சொட்டு வேர்க்கலயாம். நம்ம ஊரு மாதிரி நசநசப்பு கிடையாது.”

ஷாஹுல் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“லாத்தா, அங்க வேர்க்காம இருக்காது. வேர்க்க வேர்க்கக் காத்து குடிச்சிடும், சட்டைக்கு வர்றதே இல்ல. உடம்புத் தண்ணி பூரா போயிக்கிட்டே இருக்கும், நமக்குத் தெரியாது.”

“நீங்க ஏ.சி. கடையில நின்னவரு, உங்களுக்கு என்ன தெரியும்?” அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கடையெல்லாம் பின்னாலதான். முதல்ல நானும் ரோட்டு வேலைதான் பார்த்தேன். மதியானம் வேலை கூடாதுங்கிற உத்தரவு ஜூன்லதான் வரும். மே மாசம்தான் புது ஆளைச் சாய்க்கும். குளிர்ல வந்த உடம்பு பாருங்க, வெயிலுக்குப் பழகியிருக்காது. தலைவலின்னு ஏதும் சொன்னானா?”

ஹமீதுன்னிசா கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். போனை எடுத்தாள். அரசாங்கம் போட்ட இணையத் தடையைத் தாண்ட வி.பி.என். போட வேண்டும், அது சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கே அப்போது முற்பகல். மணி அடித்தது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைக் கேம்ப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்கே தெரியும், ஆனாலும் திரும்பத் திரும்ப அடித்தாள். பிறகு குரல் பதிவை அழுத்தி, போனை வாயருகே வைத்துக் கத்தினாள்: “பர்கத்து, முதுகைப் பார்க்காதடா! நான் சொன்னது தப்பு. காஞ்சிருந்தாலும் உட்காரு. தண்ணி குடி. டாக்டர்கிட்ட போ. ஊருக்கு அனுப்பினா அனுப்பட்டும்டா!”

அவள் குரல் போய்ச் சேர்ந்தது என்று போனில் காட்டியது. அவன் கேட்டதாகக் காட்டவில்லை. சட்டியில் சமூசா கரிந்து புகைந்தது. ஷாஹுல்தான் அடுப்பை அணைத்தார்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த சமயம் பர்கத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “பர்கத்து!” என்று கூவிக்கொண்டு எடுத்தாள். பேசியது டேவிட்.

“அன்ட்டி...” என்றான். அதற்கு மேல் தமிழ் வரவில்லை அவனுக்கு. பர்மியில் சொன்னான். மதியம் பள்ளத்துக்குள் விழுந்தான், வண்டியில் போட்டுக்கொண்டு போனோம், ஆஸ்பத்திரி தூரம், போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது என்றான்.

அவள் கேட்டது ஒன்றுதான். “ஏன் உட்காரல அவன்?”

“நான் சொன்னேன் அன்ட்டி. உட்காருடா, உன் கண்ணு சரியில்லன்னு சொன்னேன். அவன் கையைப் பின்னால விட்டு சட்டையைத் தொட்டுப் பார்த்தான். காஞ்சிருக்கு, எங்க உம்மா நனைஞ்சாத்தான் உட்காரச் சொன்னாங்கன்னு சிரிச்சான். காலையிலேருந்து அப்படியே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு வேலை செஞ்சான்.” அழுகையை அடக்கிக்கொண்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னொன்றும் சொன்னான். “கடைசி வரைக்கும் உங்க பேச்சைத்தான் கேட்டான் அன்ட்டி.”

அந்தப் பிள்ளை நல்ல மனசோடுதான் சொன்னது.

அங்கேயே அடக்கம் செய்தார்கள். மண்ணைத் தள்ளும் வீடியோ வந்தது, பாதியில் நின்று நின்று ஓடியது. இங்கே பள்ளிவாசலில் அவனுக்காகத் தொழுகை வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். “விதியா? நான் சொல்லிக் கொடுத்தது” என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தார்கள். ஷாஹுல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் பர்கத்தின் சாமான்களை யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று கேட்க டேவிட் கூப்பிட்டான். சூடு இன்னும் ஏறியிருக்கிறது என்றான். அவன் பேச்சே குழறியது.

“உனக்குத் தலைவலி இருக்கா?”

“கொஞ்சம்.”

“டாக்டர்கிட்ட எழுதிக்கிட்டியா?”

“இல்ல அன்ட்டி. அம்மா சமாளிச்சுக்கோன்னு சொல்றாங்க. அனுப்பிட்டா அங்க பிடிச்சுடுவாங்களாம்.”

புருஷனை இழந்தவள் வெளியே வராத இத்தாக் காலம் போல அவள் கதவடைத்துக் கிடந்த நாட்கள் அவை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். பஸ் பிடித்து க்யிம்யிண்டைங் போனாள். விசாரித்து விசாரித்து, சந்தைக்குப் பின்னால் இருந்த மாடி வீட்டைக் கண்டுபிடித்தாள். டேவிட்டின் தாய் தெரேசா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வந்தவள் யாரென்று சொன்னதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஹமீதுன்னிசா அழவில்லை. “உன் மகனைச் சமாளிக்கச் சொல்லாதே” என்றாள். “நான் அதைத்தான் சொன்னேன்.”

“வேற என்ன அக்கா சொல்லட்டும்? வரச் சொன்னா ஏர்போர்ட்டிலேயே எழுதிக்குவாங்க. பட்டாளத்துக்குக் கொடுக்கவா பெத்தேன்? நீங்களே சொல்லுங்க.”

தெரேசா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடாமலே ஹமீதுன்னிசா சொன்னாள்.

“கூப்பிட்டுக்கோ தெரேசா. பட்டாளம் கூட்டிக்கிட்டுப் போனாலும் போகட்டும். போறப்ப மூஞ்சியையாவது பார்ப்பே. நான் பார்க்கல.”