பெட்டியில் பாஸ் ஆகாத ஒரே ஆள்

கிளட்ச் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்து யாரும் உபயோகிப்பதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்சு! கிளட்ச்ச மிதி! ஐயோ, அது பிரேக்கு!" என்று தெருவே அதிரக் கத்திக் கத்தி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கத்துகிறாளே என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கத்தி முடித்த அடுத்த நிமிடமே, "பரவாயில்ல, நானும் இதே மாதிரி நடுரோட்டுல நின்னவதான்" என்று சொல்லிவிடுவாள். அது பச்சைப் பொய். அவள் எந்த ரோட்டிலும் நின்றவள் அல்ல.

அவளுடைய கார் ஒரு பழைய ஜப்பான் கார். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், "எங்க அப்பா வச்சிருந்தது இதைவிட உசத்தி" என்று மற்றக் கம்பெனி பக்தர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஊருக்கு அது வெறும் பெட்டி. மூக்கு ஒரு பெட்டி, நடுவில் ஒரு பெட்டி, வால் ஒரு பெட்டி. எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்துக் கார் வரையச் சொன்னால் இதைத்தான் வரையும். ஒரு காலத்தில் நீலமாக இருந்தது. வெயில் அதை நக்கி நக்கி இப்போது சலவைக்குப் போய்வந்த சட்டை மாதிரி வெளுத்துவிட்டது.

"இப்ப வர்ற வண்டிங்க எல்லாம் எதுக்கு இப்படி மொறைக்குது? யாரு என்ன பண்ணாங்க அதுங்கள?" என்பது அக்காவின் நிரந்தரக் கேள்வி. பெட்டி யாரையும் முறைக்காது. இரண்டு சதுர விளக்கை வைத்துக்கொண்டு 'சொல்லுங்க' என்று கேட்பது போல நிற்கும். உள்ளே உட்கார்ந்தால் சுற்றிலும் கண்ணாடி. கூரையைத் தாங்கும் கம்பிகள் அவ்வளவு மெல்லியவை. ஓட்டுகிறவர் கழுத்தை வளைக்காமலே காரின் நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும். வைப்பர் திருகு, விளக்குத் திருகு, காற்றுத் திருகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், இருட்டில் தடவினாலும் எது எதுவென்று விரலுக்குத் தெரியும். கதவைச் சாத்தினால் 'டப்' என்று ஒரே சத்தம், அதற்குப் பிறகு ஒரு நடுக்கமும் இருக்காது. இதையெல்லாம் யோசித்து வரைந்த அந்த முகம் தெரியாத மனிதனை நினைத்தால் அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். "பயந்தவங்க ஓட்டறதுக்காகவே வரைஞ்சிருக்கான்டா, மகராசன்" என்பாள்.

அவளுடைய பக்கத்து இருக்கையின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. அதன்மேல் அக்காவின் வலது கால் எப்போதும் தயாராக இருக்கும். அவள் பாடம் நடத்துவதற்கு நாள் கணக்கு கிடையாது. ஒரு நாள், ஓட்டுகிற ஆளின் மேல் நம்பிக்கை வந்துவிட்டால், செருப்பைக் கழற்றி, கால் இரண்டையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டுவிடுவாள். அவ்வளவுதான், பாஸ். அரசாங்கத் தேர்வெல்லாம் அதற்கப்புறம் வருகிற சம்பிரதாயம். "அக்கா சம்மணம் போட்டாச்சு!" என்று ஆட்கள் வீட்டுக்கு போன் போட்டுக் கத்துவார்கள். ஊரில் பாதிப் பேர் அப்படிப் பாஸ் ஆனவர்கள்.

ஆகாத ஒரே ஆள் அவள் புருஷன்.

அவர் வங்கியில் வேலை பார்க்கிறவர். எதையும் நிதானமாகச் செய்கிறவர். கல்யாணமான புதிதில் அவள் அவருக்கும் கற்றுக்கொடுத்தாள். சொந்த வீட்டு வாசலில் பின்னால் எடுக்கும்போது, "ஒடிங்க, ஒடிங்க, ஐயோ நேராக்குங்க!" என்று அவள் கத்த, அவர் பதறிப் பெட்டியின் பின்கதவைக் கேட் தூணில் கொண்டுபோய் இடித்தார். அதோடு பாடம் முடிந்தது. பிறகு அவர் சத்தமில்லாமல் ஊரின் அந்தக் கோடியிலிருந்த வேறொரு பயிற்சிப் பள்ளிக்குப் போய், கியர் இல்லாத காரில் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார். அக்கா அதைத் துரோகம் என்ற தலைப்பின் கீழ் நினைவில் வைத்திருந்தாள். அந்த லைசென்ஸை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பின்கதவின் பள்ளத்தையும் நிமிர்த்தவிடவில்லை. "அது ஆதாரம்" என்று சொல்லிவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் பெட்டியின் கியர்பாக்ஸ் கைவிரித்தது. ஒன்று, மூன்று, நாலு எதுவும் விழவில்லை. இரண்டாவது கியரும் ரிவர்ஸும் மட்டும் விசுவாசமாக நின்றன. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவள் தம்பி, வண்டிக்கு அடியிலிருந்து எழுந்துவந்து உதட்டைப் பிதுக்கினான்.

"பல்லுச் சக்கரமே போச்சுக்கா. இந்த மாடலுக்கு எங்க போய்த் தேடறது? இதே மாதிரி இன்னொரு வண்டி செத்தாத்தான் உண்டு."

புருஷனுக்கு இதுதான் சமயம். கியர் இல்லாத புது வண்டி ஒன்றுக்கு அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். சனிக்கிழமை வாசலுக்கு வந்துவிடும். "வாசல்ல ஒரு வண்டிக்குத்தான் இடம். அதுக்குள்ள பெட்டி எல்லாக் கியர்லயும் ஓடுச்சுன்னா, புதுசு வேண்டாம்னு நானே சொல்லிடறேன். இல்லன்னா பெட்டிய அனுப்பிடணும்" என்றார். நியாயமாகத்தான் பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அவள் சரி என்றாள், சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டின் முதலாளி. அவரும் பெட்டியில் பாஸ் ஆனவர்.

"அக்கா, உக்காந்திருக்கீங்களா? உங்க பெட்டி மாதிரியே ஒண்ணு வந்திருக்கு. அச்சு அசல். நாளைக்குக் காலைல நசுக்கற மெஷின் வருது. இன்னிக்கே வாங்க!"

அக்கா ஒற்றைச் செருப்போடு வாசலுக்கு ஓடி, மற்றதற்காகத் திரும்பி ஓடிவந்தாள். தம்பியின் இழுவை லாரியில் சாமான்களெல்லாம் ஏறின. அன்று லீவில் இருந்த புருஷனும் கிளம்பினார். "பெட்டியையும் எடுத்துக்கோ. கியர்பாக்ஸ் சரியா இருந்தாத் திரும்பி வரட்டும், இல்லன்னா அங்கேயே விட்டுட்டு வந்துடலாம். ரெண்டு தடவை அலைய வேண்டாம்" என்றார். அந்த நிதானத்துக்கு அவரை என்ன செய்தாலும் தகும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஊர்க்கோடிவரை இரண்டாவது கியரிலேயே போனார்கள். எஞ்சின் ஓலமிட்டது. சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்தினார்கள். பின்னால் லாரியில் தம்பி ஊர்வலம் மாதிரி ஊர்ந்து வந்தான். அக்காவுக்கு வெட்கமே இல்லை. "வந்துட்டோம்டா, வந்துட்டோம்" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

யார்டில், கதவிழந்த வேன்களுக்கும் முகம் நசுங்கிய லாரிக்கும் நடுவே, அது நின்றது. நீலம். உண்மையான நீலம். யாரோ ஷெட்டுக்குள் போர்வை போர்த்தி வைத்திருந்த வண்டியாம். வைத்திருந்தவர் போனபிறகு வீட்டார் இடத்தைக் காலி செய்யத் தள்ளிவிட்டார்களாம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டி இளம்வயதில் இப்படித்தான் இருந்தது. டாஷ்போர்டில் ஒரு வெடிப்பு இல்லை. சதுரக் கடிகாரம்கூட அப்படியே இருந்தது. கதவைத் திறந்து சாத்தினாள். டப்!

"கேட்டியாடா? கேட்டியா அந்தச் சத்தத்த?"

"கேட்டுச்சுக்கா. கொஞ்சம் தள்ளு." தம்பி ஸ்பேனர்களைப் பரப்பினான். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்னு ஆரம்பிச்சிடாத. கியர்பாக்ஸ எறக்கி, கையால சுத்திப் பாத்தே நான் சொல்லிடுவேன். அறுக்கப்போற வண்டிய ஸ்டார்ட் பண்ணக் கூடாது. எங்க தொழில்ல அது சட்டம்."

"ஏன்?"

"பண்ணக் கூடாதுன்னா கூடாது."

அவன் கிரீஸ் டப்பா எடுக்க லாரிக்குப் போனான். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஜப்பான் காரில் மனசு வைத்த ஒருத்தியை, தொங்கும் சாவியோடு தனியாக விடலாமா? யார்டு முதலாளியிடம் கண்ஜாடை காட்டினாள். அவர் ஒரு பேட்டரியைத் தூக்கிவந்து மாட்டினார், கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலும் ஊற்றினார். இரண்டு பேருக்கும் திருட்டு மாங்காய் பறிக்கிற முகம். அக்கா சாவியைத் திருப்பினாள்.

ஒரு முனகல். ஒரு இருமல். அப்புறம், எத்தனையோ வருஷம் தூங்கின எஞ்சின், நேற்று மாலை நிறுத்திவைத்த மாதிரி ஓட ஆரம்பித்தது!

"ஓடுதுடா!" என்று அக்கா கத்திய கத்தலில் யார்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. முதல் கியரைப் போட்டாள், விழுந்தது. நகர்ந்தாள். குப்பைமேட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி! சுற்றி வந்து நிறுத்தியபோது அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி மட்டும் கையில் கிரீஸ் டப்பாவோடு தலையில் அடித்துக்கொண்டு நின்றான்.

"சொன்னேனா இல்லியா? இப்ப எப்படிக்கா இத அறுப்ப?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முடியாது. மூச்சு விடுகிற வண்டியின் வயிற்றைக் கிழிக்க அவளால் முடியாது. ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்த்தாள், கீழே வைத்துவிட்டாள்.

யார்டு முதலாளி நல்ல மனுஷன். மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இத முழுசா எடுத்துட்டுப் போயிடுங்க. இதுவும் அதே பெட்டிதானே. துருவே இல்ல. உங்க வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. வலிக்கத்தான் செய்யும். ஆனா அதான் சரி."

சரிதான். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சரி. வாசலில் ஒரு வண்டி, எல்லாக் கியரும் விழும் வண்டி, புருஷன் போட்ட நிபந்தனையும் நிறைவேறிவிடும். அக்கா தலையை ஆட்டினாள். ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டியின் பக்கத்து இருக்கையின் காலடியில் குனிந்தாள். அந்த இரண்டாவது பிரேக்கையாவது கழற்றி நீலத்துக்கு மாட்ட வேண்டும். அவள் கால் பட்டுப்பட்டு அதன் ரப்பர் வழவழத்திருந்தது. போல்ட்டு அசையவில்லை. அவள் கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

"அத விடு" என்று மேலிருந்து குரல் வந்தது. புருஷன். பெட்டியின் ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்மேல்.

"ஏங்க?"

"இந்த வண்டிய விட்டுட்டுப் போகக் கூடாது."

"வாசல்ல ஒரு வண்டிக்குத்தான் இடம்னு நீங்கதானே..."

"சொன்னேன். அது கெடக்கட்டும்." அவர் கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இன்னும் இதுல பாஸ் ஆகலியே."

அக்கா ஸ்பேனரும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் இந்த மனுஷன் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாரா? துரோகம் என்று அவள் நினைத்த இடத்தில் இவ்வளவு ஆசை ஒளிந்திருந்ததா? அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. யார்டு முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால், "ஏறி உக்காந்தா மட்டும் போதாது. கண்ணாடிய சரி பண்ணுங்க" என்றாள்.

நீலத்தை லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு தம்பி முன்னால் போனான். பெட்டி இரண்டாவது கியரில் ஓலமிட்டுக்கொண்டு பின்தொடர்ந்தது. இந்தத் தடவை அக்கா தன் பழைய இடத்தில், பக்கத்து இருக்கையில். வாய் பலமுறை திறந்தது, பலமுறை மூடியது. சந்தைத் திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தபோது, அவள் தொண்டைவரை வந்த 'கிளட்ச்சு'வை விழுங்கிவிட்டாள். அவர் மிதித்துவிட்டார். சரியாக மிதித்தார்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி நீலத்தை இறக்கிச் சுவரோரமாக ஒட்டி நிறுத்தியிருந்தான். மிச்சம் இருந்தது ஒரு சந்து. ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் அதே கேட் தூண். அதன்மேல் பழைய கீறல்கூட இன்னும் இருந்தது. அதற்குள் பின்னால் எடுத்து விட வேண்டும்.

"அத்தான், நான் வேணா விடட்டுமா?" என்றான் தம்பி.

"வேண்டாம்" என்றார் அவர். ரிவர்ஸ் போட்டார். "நாலு மூலையும் தெரியுது. இவ்வளவு நல்லாத் தெரியுதே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெட்டி பின்னால் நகர்ந்தது. பள்ளம் விழுந்த கதவு தூணை நெருங்கியது, இன்னும் நெருங்கியது, தொடாமல் கடந்து போனது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். எஞ்சின் நின்றது.

"பிரமாதம் அத்தான்! ஆனா நாளைக்குப் புது வண்டி வந்தா எங்க விடறது?"

"அதான் யோசிக்கறேன்" என்றார் அவர். யோசிக்கிற முகமாக அது இல்லை. பிறகு பாஸா இல்லையா என்று கேட்க அவள் பக்கம் திரும்பினார். கேட்க வாயெடுத்தவர், கீழே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அக்காவும் குனிந்து பார்த்தாள். அவளுடைய செருப்புகள் இரண்டும் பிரேக்குக்குப் பக்கத்தில் கிடந்தன. கால்கள் இருக்கைமேல் மடங்கிச் சம்மணத்தில் இருந்தன. எந்தத் தெருவில் தூக்கி வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே தம்பி சிரித்தான். "அதெல்லாம் சரி. ரெண்டு பக்கமும் கதவு திறக்க இடமில்லையே, ரெண்டு பேரும் எப்படி எறங்குவீங்க?"

"எறங்கறதுக்கு இப்ப என்னடா அவசரம்?" என்றாள் அக்கா.