பதினோரு பெயர்கள் இருந்த தாள்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். ரஹாங்கிலிருந்து பூரணத்தின் அக்காள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, சின்னம்மா போயிட்டாங்க. தேத்தண்ணி கொண்டுபோயி எழுப்புனேன், எந்திரிக்கல" என்றாள். 

சிரம்பான் பயிற்சிக் கல்லூரியில் அந்த நாளில் படித்தவர்களிலும் பாடம் நடத்தியவர்களிலும் இன்னும் சிலர் இருக்கிறோம். உங்களில் பலருக்குப் பூரணம் நூலகக் கிராணி, ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான். புத்தகத்தில் தேதி முத்திரை குத்திக் கொடுப்பார்; தாமதமாகத் திருப்பினால் முறைப்பார். அவர் யார் என்று நான் அறிந்துகொண்ட மூன்று நாட்களைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதினால் என் கோழைத்தனத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது ஒரு காரணம்.

நான் அங்கே விரிவுரையாளனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மாணவர்கள் எல்லோரும் ரப்பர் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள். வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை எங்களிடம் பயிற்சிக்கு வருவார்கள். ஒருநாள் ஒருவர் எழுந்து, "சார், ஒரே ரூம்புல நாலு வகுப்பு. ஒண்ணுக்குச் சொன்னா மத்த மூணும் சத்தம் போடுது. என்னா செய்யறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனாலும் கால்மணி நேரம் பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசினேன்.

வகுப்புக்கும் நூலகத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். திங்கட்கிழமை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. இரண்டு புத்தகங்களின் எண்கள், பக்கங்கள். கீழே கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் ஒருவரின் பெயர். "இவர் நாலு வகுப்பையும் ஒன்றாக நடத்துகிறார். போய்ப் பாருங்கள்" என்று எழுதியிருந்தது. கோபத்தோடு நூலகத்துக்குப் போனேன். பூரணம் தலைநிமிராமலே சொன்னார்: "நாப்பது பேரு உங்க வாயப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, மாஸ்டர். தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னா, நாப்பது எஸ்டேட்டுக்கும் அது போயிரும்."

அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பூரணம் படித்த பள்ளியும் அப்படி நாலு வகுப்பு ஒரே அறையில் நடந்ததுதான்.

அந்த ஒரு தாள் ஒரு வருடத்தில் இருபத்திரண்டு தாளானது. மாணவருக்கு என்ன சிக்கல் வந்தால் விரிவுரையாளர் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று பூரணமே தட்டச்சு செய்து தைத்த கையேடு அது. கடைசித் தாளில் பதினோரு வாத்தியார்களின் பெயர்களும் தோட்டங்களும் இருந்தன. ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை நன்றாகச் செய்பவர். நாங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவர். எங்கள் வகுப்புகள் மாறியது அந்தக் கையேட்டால்தான்.

பிறகு மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை, ஊரடங்கு. காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் சாலையில் பஸ்ஸை எரித்தார்கள். சனிக்கிழமை வகுப்பில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. "அவுங்களால வர முடியலன்னா நாமதான் போவணும், மாஸ்டர்" என்றார் பூரணம். ஒரு தகரப்பெட்டியில் நாற்பது புத்தகங்கள், அந்தக் கையேடு, ஒரு வாடகை டாக்சி. கோலா கிளாவாங் சாலையில் போலீஸ் எங்களை நிறுத்தியது.

இன்ஸ்பெக்டர் தமிழர். புத்தகங்களை விட்டுவிட்டுக் கையேட்டை எடுத்தார். "முந்நூத்தி எழுபத்தொண்ணு, புள்ளி மூணு, நாப்பது. இது என்னா ரகசிய நம்பரு?"

"புத்தக நம்பரு, பக்க நம்பரு சார்" என்றார் பூரணம்.

"இந்தப் பேருங்க?"

"நல்லா பாடம் சொல்ற வாத்தியாருங்க."

"யாரு எழுதுனது?"

நான் பார்வையைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "நான்தான். இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் பூரணம். எல்லா அர்த்தத்திலும் அது உண்மை.

இன்ஸ்பெக்டர் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, எண்ணை விரலால் மறைத்துக் கேட்டார். பூரணம் சொன்னார். இன்னொன்று. அதையும் சொன்னார். பத்துப் புத்தகங்கள் ஆனதும் இன்ஸ்பெக்டரின் முகம் இறுகியது. "இவ்ளோ மனப்பாடம் பண்ணியிருக்கன்னா சும்மா இல்ல. நீ ஸ்டேஷனுக்கு வா" என்றார்.

அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் வருடக்கணக்கில் திரும்பாமல் இருந்ததுண்டு. ஜீப்பில் ஏறுவதற்குமுன் பூரணம் என்னிடம் திரும்பி, "பெட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. பன்னெண்டு வாத்தியாருங்க பாடத்துக்குக் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். நான் போனேன். வகுப்பும் எடுத்தேன். என்ன பேசினேன் என்று தெரியாது.

மூன்றாம் நாள் கல்லூரி முதல்வர் நூலகத்தில் புத்தக எண் அட்டைகள் இருந்த இழுப்பறைகளைக் கழற்றித் தம் காரில் ஏற்றினார். நானும் கூடப் போனேன். ஒரு மணி நேரம் கையேட்டின் எண்களையும் அட்டைகளையும் ஒத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இன்ஸ்பெக்டர் தாள்களை நீட்டி, "போவலாம்" என்றார்.

மூன்று நாள் கசங்கிய சேலையோடு நின்ற பூரணம் தாள்களைப் புரட்டினார். "ஒண்ணு கொறையுது சார்."

"அது இருக்கட்டும்."

"பேரு இருக்கிற தாளு அது. அது இல்லாம நான் போவ மாட்டேன்."

முதல்வர் அவரை மெதுவாக வெளியே அழைத்துப் பார்த்தார். "நீங்க போங்க சார். தாளு வந்தா நானும் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, பூரணம் சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விடுதலை கையில் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முதல்வர் யார் யாரிடமோ பேசக் காரில் கிளம்பினார். நான் இந்த முறை போகவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

தைரியசாலி என்று நினைத்துப் பக்கத்தில் பார்த்தேன். மடியில் வைத்திருந்த கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுக்கம் வெளியே தெரியாதிருக்க முந்தானையைச் சுற்றி வைத்திருந்தார்.

மூன்று மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து முன்னால் நின்றார். "ஒனக்கு பயமே இல்லியா?"

"இருக்கு சார். அந்தப் பதினோரு பேருக்கு இன்னும் கூடுதலா இருக்கும். என்னை நம்பித்தான் பேரு குடுத்தாங்க."

 அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். யாராவது நகல் எடுத்திருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பதினொருவர் வீட்டுக்கும் யாரும் போகவில்லை என்பது தெரியும்.

அந்தத் தாளைப் பூரணம் அன்றைக்கே எரித்தார். அதன்பின் கையேட்டின் புதுப் பிரதிகளில் பெயர்கள் இல்லை. வேண்டியவர் நூலகத்துக்கு வந்து கேட்டால், காதோடு சொல்லுவார். வேலையிலிருந்து இளைப்பாறும்வரை அப்படித்தான்.

நான் பிறகு பெரிய பதவிகளில் இருந்தேன். பட்டமளிப்பு மேடைகளில் மாலைகளும் விழுந்தன. அவற்றையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். என் பங்காக நான் வைத்துக்கொள்வது அந்த மூன்று மணி நேரத்தை. பூரணம் பயந்துகொண்டே எழுந்து போகாமல் இருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.