ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து

என் சின்ன மருமகளுக்குப் படக்காரி என்று பெயர் வைத்தது நான்தான். கோபத்தில் வைத்தேன், ஊர் அதையே பிடித்துக்கொண்டது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் தெருவை வரைந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? சோறு குழைந்துபோனது. ஆனால் சுவரில் இருந்தது அச்சு அசல் எங்கள் தெரு. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவளுக்குப் பஸ் நிலையத்துச் சுவர் கிடைத்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு, மேலே பறக்கிற பறவை பார்ப்பது போல ஊர் முழுக்கத் தெரிய வேண்டும் என்றார் நகராட்சி இன்ஜினியர். சரியில்லையென்றால் வெள்ளையடித்துவிட்டு பிளெக்ஸ் பேனர் மாட்டிவிடுவார்களாம். அவளுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊர்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஊரைத் தாளில் வரைந்தாள். என் மகன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு உயரம் ஆகாது.

அதைப் பார்த்துச் சுவரில் கோடு போட்டு முடித்த அன்று சைக்கிள் கடைக்காரர் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற சந்தில்தான் அவர் கடை.

“எங்க சந்து எங்க, தங்கச்சி?”

“ஆஸ்பத்திரி மறைக்குதுண்ணே. தொட்டி மேல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியுது.”

“நெசத்துலதான் மறைக்குது, படத்துலயுமா? பின்னாடியே மருந்துக்கடை இருக்குறது தெரியாம நோயாளி வீட்டு ஆளுங்க ஊரெல்லாம் சுத்துறாங்க. உன் படத்தப் பாத்தா இன்னும் நல்லா சுத்துவாங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. இன்ஜினியரிடம் போய், ஆஸ்பத்திரியைக் கொஞ்சம் குள்ளமாக்கட்டுமா என்று கேட்டாள்.

“மூணாவது மாடி கட்டுனதே போன வருஷம்தாம்மா. நீ அதக் குறைச்சா, நகராட்சித் தலைவர் என்னையக் குறைச்சிருவாரு.”

வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அழிச்சுட்டு வேற பக்கமா இருந்து வரையேன்டி” என்றேன்.

“அப்ப வேற ஒரு சந்து மறையும் அத்தை.”

மறுநாள் காலையில் மொட்டை மாடியில் எங்களுக்குள் சண்டை. முன்கொடியில் நான் போர்வை காயப்போட்டிருந்தேன்.

“உங்க போர்வை வெயில மறைக்குது அத்தை. பின்னாடி என் புடவை எப்படிக் காயும்?”

“நான்தான் முதல்ல போட்டேன். எடுக்க மாட்டேன்.”

என்னிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். பின்கொடியை அவிழ்த்துக் கம்பத்தில் உயரமாகக் கட்டினாள். போர்வைக்கு மேலே புடவை எட்டிப் பார்த்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரத்துணி வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். மிச்சத்தை யார் காயப்போட்டது என்று கேட்காதீர்கள்.

படத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தரையையே உயர்த்திவிட்டாள். மூன்று மாடிக்கும் மேலே சந்து தெரிந்தது: மருந்துக்கடை, சைக்கிள் கடை, வாசலில் தொங்குகிற டயர்.

இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “நம்ம ஊரு தாம்பாளம் மாதிரி தட்டையா இருக்கும். இந்த மேடு எங்கேருந்தும்மா வந்துச்சு?”

“மேடு இல்ல சார். கூட்டத்துல பின்னாடி நிக்கிற புள்ளையத் தூக்கிக் காட்டுவோம்ல, அப்படித் தூக்கிக் காட்டியிருக்கேன்.”

அவர் ஆஸ்பத்திரி மாடிகளை விரலால் எண்ணினார். மூன்றும் இருந்தன. “அப்ப வண்ணம் அடிச்சிரு” என்றார்.

வேலை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் எங்கள் வீட்டை உடனே கண்டுபிடித்துவிட்டேன். மாடியில் என் போர்வை மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது.

“என் போர்வை சிவப்புடி.”

“சிவப்பு ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் அத்தை. அப்பதான் சட்டுனு கண்ணுல படும்.”

நான் விடவில்லை. அப்போது ஒரு பெண் கையில் மருந்துச் சீட்டோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். வழி சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவள் ஆஸ்பத்திரி மேல் விரலை வைத்து, பக்கத்துச் சாலையில் நகர்த்தி, சந்துக்குள் திருப்பி, மருந்துக்கடையைத் தொட்டுவிட்டாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் வேகமாக நடந்து போனாள்.

படக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை. ஆனாலும் என் போர்வை சிவப்புதான்.